இறுகிய வாரும் தளர்ந்த வாரும்

1848இல் நுவரெலியாவிற் குடியேற வந்த சாமுவேல் பேக்கர் வேட்டைநாய்க் கூட்டமொன்றையும் உடன்கொணர்ந்தார். பங்களா நாயென்றால் லயத்துப் பிள்ளைகள் நடுங்குவது நெடுங்கால வழக்கு; சிறுவயதில் யானும் ஓடியவனே.

இன்று எம் இல்லத்திலேயே ஓர் அல்சேசன் வளர்கிறது. கொழுந்து சுமந்துவரும் பெண்களைக் கண்டதும் என்னை இழுத்துக்கொண்டு பாயும். அவர்கள் தேயிலைச் செடிகளுக்குள் ஒதுங்குவர். நாணினேன்.

முள்வைத்த கழுத்துப்பட்டை மாட்டிச் சுண்டுக என்றனர் சிலர். உடன்படேன். அவ்வலிக்கு எதிரே வருவோரே காரணமென்று நாய் கொள்ளுமாயின், பகையன்றோ வளரும்? இழுத்தபோதெல்லாம் நாம் பின்செல்வதாலேயே அது இழுக்கக் கற்கிறது. ஆகவே வார் இறுகினால் நிற்கிறேன். தளர்ந்தால் நடக்கிறேன், இறைச்சித் துண்டொன்றும் ஈகிறேன். (பிரம்பை நம்பியிருந்த ஆசிரியன் யான் என்பதையும் மறைப்பதற்கில்லை.) முதல்நாள் வாயிலிலிருந்து சந்திவரை செல்ல அரைமணி நேரமாயிற்று.

நேற்று அப்பெண்களுள் ஒருத்தி ஒதுங்காமலே எம்மைக் கடந்து சென்றாள்.