தவணைக் கடனுக்குக் கடிவாளம்

சிறு கடன் கொடுப்போரின் கெடுபிடியைத் தடுக்க கர்நாடக அரசு 2025 பிப்ரவரியில் அவசரச் சட்டம் பிறப்பித்தது. முதலில் வந்த நகலை கவர்னர் திருப்பி அனுப்பினார். கடனே மூன்று லட்ச ரூபாய்க்குள் என்னும்போது பத்தாண்டுச் சிறையும் ஐந்து லட்சம் அபராதமும் மிகை என்பது அவருடைய ஆட்சேபங்களில் ஒன்று. மறுபடி அனுப்பியதும் கையெழுத்திட்டார். தண்டனை குறையவில்லை. சாமராஜநகர் பக்கம் வசூல்காரர்களுக்கு அஞ்சி வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பங்கள் வெளியேறிய செய்தியைப் படித்தவர்கள் அதை மிகை என்று சொல்ல மாட்டார்கள்.

கடன் கொடுப்பவர் மாவட்ட டெபுடி கமிஷனரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஈடு எதுவும் வாங்கக்கூடாது. புகாரைப் பதிய மாட்டேன் என்று போலீசார் சொல்ல முடியாது. பதிவில்லாதவரிடம் நலிந்த பிரிவினர் வாங்கிய கடன் வட்டியோடு தீர்ந்ததாகக் கருதப்படும். மாதச் சம்பளக்காரர்கள் இந்தத் தள்ளுபடி தமக்கும் உண்டு என்று நம்பி இருந்துவிட வேண்டாம்.

நம்மவர் வாங்கும் தண்டல் கடனின் கணக்கைப் பார்ப்போம். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு 1,500 ரூபாயை முன்பே பிடித்துக்கொள்கிறார். கைக்கு வருவது 8,500. நூறு நாள், நாளுக்கு நூறு ரூபாய். வட்டி 15 சதவீதந்தானே என்று தோன்றும். ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே வருகிறது. பாதி நாள் கழிந்தபின் பாதிப் பணங்கூட நம் கையில் இல்லை. முறையாகக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 120 சதவீதம்! இதைக் கொடுப்பவர் அறிவார். வாங்குபவருக்கு யார் சொல்வது? அந்நாளில் லேவாதேவிக்காரர் சம்பளத்தன்று ஒர்க்ஷாப் வாசலில் நிற்பார். இன்று சம்பளம் பாங்கிக்குப் போகிறது, ஏ.டி.எம். கார்டு அவர் சட்டைப்பையில் இருக்கிறது.

ரிசர்வ் பாங்கியில் பதிவான கம்பெனிகளும் பாங்கிகளும் இந்தச் சட்டத்துக்குள் வரமாட்டா. அவற்றுக்கு ரிசர்வ் பாங்கி 2022-ல் வகுத்த விதிகள் உண்டு. ஆண்டு வருமானம் மூன்று லட்சத்துக்கு மேற்படாத குடும்பத்துக்குக் கொடுக்கும் ஈடில்லாத கடனில், எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்குத் தொல்லை தரக்கூடாது. கடன் அட்டை வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர் தமிழில் கேட்பது சலுகையல்ல, உரிமை. எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

சட்டம் கடுமையானால் கடனே கிடைக்காது என்பாரும் உண்டு. அதை அலட்சியம் செய்வதற்கில்லை. ஆந்திரத்தில் 2010-ல் இதே போன்ற அவசரச் சட்டம் வந்ததும் வசூல் படுத்துவிட்டது. கம்பெனிகள் புதுக் கடனை நிறுத்தின. குழந்தையின் பள்ளிக் கட்டணத்துக்கு இரண்டாயிரம் தேவைப்பட்டவர் மறுபடி தெருவட்டிக்காரரிடந்தான் போக வேண்டியிருந்தது. ஆகவே கூட்டுறவுச் சங்கங்களிலும் பாங்கிகளிலும் சிறு கடன் தாராளமாகக் கிடைக்க வழிசெய்யாமல், தண்டனையை மட்டும் நம்புவது பாதி வேலைதான்.

பதிவு பெற்றவர்களின் பட்டியலை ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் தங்கவயலிலும் ஒவ்வொரு போலீஸ் நிலைய வாசலிலும் ஒட்டி வைக்க வேண்டும். கடன் கேட்டுப் போகுமுன் நம்மவர் அதைப் பார்த்துவிட்டுப் போகட்டும்.