சுக்கானடியில் இரு கைபிடிகள்

பழைய ஃபோர்ட் ‘ரி’ மோட்டார் வண்டியின் படத்தை நீட்டி, “சுக்கானின் கீழே மீசைபோல் இருபுறமும் நிற்பவை யாவை, ஐயா?” என வினவினான் ஒரு மாணவன். 1908 முதல் 1927 வரை அமெரிக்காவில் செய்யப்பட்ட வண்டி அது. காலால் மிதிக்கும் அக்சிலேற்றர் அதற்கில்லை. வலப்புறக் கைபிடியே வேகத்தைக் கூட்டும், குறைக்கும்.

இடப்புறத்ததே பொல்லாதது. மின்பொறி தோன்றும் வேளையை முன்பின்னாக மாற்றுவது அது. ஓடுங்கால் அதனைக் கீழே இழுத்துப் பொறியை முந்தச் செய்வர். ஆனால் வண்டியின் முன்னே நின்று ஹாண்டிலைச் சுழற்றி இயந்திரத்தைக் கிளப்புவதாயின், முதலில் அதனை மேலே தள்ளிவிடல் வேண்டும். மறந்தால், பிஸ்டன் உச்சியை எட்டுமுன்பே பெற்றோல் ஆவி வெடித்து, இயந்திரம் எதிர்ப்புறம் திரும்பும், ஹாண்டில் திருப்பியடிக்கும். அவ்வாறு மணிக்கட்டு முறிந்தோர் பலர்.

மீசை என்று நகைத்தவன் தன் மணிக்கட்டை மெல்லத் தடவிக்கொண்டான்.