ரசீது யார் கையில்?

சென்ற மாத மின் கட்டணம் கணக்கில் ஏறவில்லை, இன்று இரவு 9.30 மணிக்கு இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணில் அதிகாரியை அழையுங்கள் என்று ஒரு குறுஞ்செய்தி 2022 முதல் நாடெங்கும் கைப்பேசிகளில் வந்து விழுந்துகொண்டிருக்கிறது. அழைத்தால் மறுமுனையில் மிகவும் மரியாதையாகப் பேசுவார்கள். ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள். கணக்கைப் புதுப்பிக்கப் பத்து ரூபாய் போதும் என்பார்கள். அந்தப் பத்து ரூபாயைக் கட்டும்போது கைப்பேசித் திரை முழுவதும் அவர்கள் பார்வையில் இருக்கும். வங்கிக் கணக்கில் இருப்பது போய்விடும். மின்வாரியமும் காவல் துறையும் பலமுறை எச்சரித்தும் ஏமாறுகிறவர்கள் குறைந்தபாடில்லை.

தமிழ்நாட்டில் வாழும் யாரும் நிதானமாகப் படித்தால் அந்தச் செய்தி பொய் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். இங்கே வீட்டு மின்சாரத்துக்குக் கணக்கெடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 'சென்ற மாத பில்' என்று ஒன்று நமக்குக் கிடையாது. இரவு ஒன்பதரை மணிக்குக் கம்பம் ஏறி ஃபியூஸைப் பிடுங்கும் லைன்மேனை எங்கள் ஊரான திருமுக்கூடலில் எவரும் கண்டதில்லை. கரன்ட் போய்விட்டது என்று அந்த நேரத்தில் அழைத்தாலே ஆள் வருவது பெரும்பாடு. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56ஆம் பிரிவு, எழுத்து மூலம் 15 நாள் அவகாசம் கொடுக்காமல் எந்த இணைப்பையும் துண்டிக்கக் கூடாது என்கிறது. ஆகவே அந்தச் செய்தி உண்மையாகவே வாரியத்திலிருந்து வந்திருந்தாலும் அதன் மிரட்டல் செல்லாது.

இவ்வளவு ஓட்டை உள்ள ஒரு பொய்க்கு மக்கள் ஏன் பயப்படுகிறார்கள்? படிப்பறிவு போதவில்லை என்று சொல்லி ஒதுங்கிவிடுவது எளிது. ஏமாந்தவர்களில் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் மென்பொருள் ஊழியர்களும் உண்டு என்பதால் அந்தக் காரணம் நிற்காது. நாம் காணும் காரணம் வேறு. தன் வீட்டுக் கட்டணம் கட்டப்பட்டதா இல்லையா என்பது அந்த வீட்டில் இருப்பவருக்கே நிச்சயமாகத் தெரிவதில்லை. கட்டிய தாள் அலமாரியில் இருந்தால் அந்தச் செய்தியைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். தாள் இல்லாத வீட்டில்தான் பயம் புகுகிறது.

பாலாறும் வேகவதியும் செய்யாறும் கூடும் திருமுக்கூடலையும் சுற்றியுள்ள உத்திரமேரூர் வட்டாரத்தையும் எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வரை கட்டணமில்லை என்ற சலுகை 2016 முதல் உள்ளது. அதனால் சிறிய வீடுகளுக்கு வரும் தொகை பெரிதாக இராது. அந்தச் சிறு தொகையைக் கட்டப் பாலாற்றுப் பாலத்தைக் கடந்து பழையசீவரம் போய், அங்கிருந்து பேருந்து பிடிப்பதென்றால் அரை நாள் போய்விடும். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, உண்மைதான்; அரை நாள் கூலியை அந்தச் சலுகை ஈடுகட்டாது. எனவே யாராவது ஒருவர் கட்டித் தருகிறார். சென்னையில் வேலை பார்க்கும் மகனோ, ஒரகடம் கம்பெனிக்குப் போகும் பேரனோ, கடைத்தெருவில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் தம்பியோ. வீட்டுக்குக் கிடைப்பது "கட்டிட்டேன்மா, கவலைப்படாதீங்க" என்ற ஒரு வாய்ச்சொல்.

சென்டர்க்காரர் தன் சொந்தக் கணக்கிலிருந்துதான் கட்டுகிறார். வந்த பணத்தையெல்லாம் சேர்த்து வைத்து இரவில் மொத்தமாகக் கட்டுகிறவரும் உண்டு. கட்டியதற்கான செய்தி அவர் கைப்பேசிக்குப் போகிறது. இணைப்பு எண்ணில் ஓர் இலக்கம் தவறினால் பணம் பக்கத்துத் தெருக்காரர் கணக்கில் ஏறிவிடும். அது தெரியவரும்போது கெடு கடந்திருக்கும். இன்னொன்று இதைவிடப் பெரிது. பல வீடுகளின் இணைப்பு இன்னமும் காலஞ்சென்ற தாத்தா பெயரில் இருக்கிறது. 2022 கடைசியில் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னபோது இந்தச் சிக்கல் வீட்டுக்கு வீடு வெளியே வந்தது. பதிவில் இருக்கும் கைப்பேசி எண் எப்போதோ கைமாறியிருக்கும். வாரியம் ஒழுங்காக அனுப்பும் குறுஞ்செய்தி யாரோ ஒருவருக்குப் போய்ச்சேர, மோசடிக்காரன் அனுப்புவது மட்டும் தவறாமல் நம் கைக்கு வருகிறது.

இதை வைத்துக் கைப்பேசியில் கட்டுவதே ஆபத்து என்று நாம் சொல்ல வரவில்லை. 2016இல் வந்த யுபிஐ இன்று டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. பணம் வந்ததை ஒலிபெருக்கிப் பெட்டி தமிழிலேயே சொல்கிறது. ரிசர்வ் வங்கியின் வழிகாட்டலில் அதே காலத்தில் தொடங்கிய பாரத் பில் கட்டண முறையில் இணைப்பு எண்ணைத் தட்டியதும் பெயரும் தொகையும் திரையில் வந்து நிற்கின்றன. தொகை வாரியத்தின் பதிவேட்டிலிருந்தே எடுக்கப்படுவதால் அதில் யாரும் கைவைக்க இடமில்லை. சாதாரண பட்டன் போனிலிருந்தும் பணம் செலுத்தும் வசதி 2022 மார்ச்சில் வந்தது; ஊரில் அதைச் சொல்லிக் கொடுக்கத்தான் ஆளில்லை. தன் கைப்பேசியில், தானே பார்த்து, வாரியத்தின் செயலியிலோ நம்பகமான யுபிஐ செயலியிலோ கட்டுவதைவிட வசதியானது எதுவுமில்லை. பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையில்லை, கொடுப்பதற்குத்தான் தேவை என்ற ஒரு விஷயம் மனத்தில் பதிந்தாலே பாதி மோசடி நின்றுவிடும்.

தவறு நேர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதும் ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறது. கணக்கில் பணம் கழிந்து, பெறவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்த உறுதி வராவிட்டால் ஐந்து நாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். பிந்தினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதி செய்தது. அந்த நூறு ரூபாயைக் கேட்டு வாங்கியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நம் தவறில்லாமல் வெளியாள் திருடியிருந்தால், மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குச் சொன்னவருக்கு இழப்பே இல்லை என்பது 2017ஆம் ஆண்டு விதி. ஆனால் ரகசிய எண்ணையோ ஓடிபியையோ நாமே சொல்லிக் கொடுத்துவிட்டால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனதெல்லாம் நம் தலையில்தான். பணம் பறிபோனது தெரிந்ததும் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை அழைக்கச் சொல்வது இதற்காகத்தான். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம் கணக்குக் கணக்காகத் தாவிக்கொண்டிருக்கும்.

நாம் சண்டை போட விரும்புவது வேறு ஓர் எண்ணத்தோடு. எல்லாரும் கைப்பேசிக்கு வந்துவிட்டார்கள், இனி வசூல் கவுன்டர் எதற்கு என்ற எண்ணம் அலுவலகங்களில் பரவி வருகிறது. கவுன்டருக்கு ஆள் போடுவது செலவுதான். கடனில் இருக்கும் மின்வாரியம் செலவைக் குறைக்கப் பார்ப்பதையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தச் செலவு மறைந்துவிடுவதில்லை. வாரியம் விட்ட செலவைச் சேவைக் கட்டணம் என்ற பெயரில் கிராமத்து மக்கள் சென்டர்க்காரருக்குக் கொடுக்கிறார்கள். மோசடி பயத்தையும் சேர்த்துச் சுமக்கிறார்கள். வாரியம் தரவேண்டிய ரசீதை மக்கள் காசு கொடுத்து வாங்க வேண்டிய நிலை, பல இடங்களில் காசு கொடுத்தும் கிடைக்காத நிலை. கவுன்டர் வேண்டும் என்பவர்களைப் பழைய காலத்து ஆட்கள் என்று கேலி செய்வது சுலபம். கவுன்டரில் கொடுத்த காசுக்கு அங்கேயே அச்சடித்த தாள் கிடைத்தது. அந்தத் தாளின் இடத்தில் இதுவரை எதையும் வைக்காமலேயே அதை எடுத்துவிடப் பார்க்கிறார்கள்.

பொதுப் பணத்துக்குக் கணக்கு எழுதி வைப்பது இந்த மண்ணுக்குப் புதிய பாடமா என்ன? திருமுக்கூடல் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, 15 படுக்கை கொண்ட ஆதுலசாலை என்ற மருத்துவமனையில் மருத்துவர் தொடங்கிப் பணியாளர் வரை யார் யாருக்கு எவ்வளவு நெல், எவ்வளவு காசு என்பதை வழிப்போக்கனும் படிக்கும்படி வெட்டி வைத்திருக்கிறது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தல் முறைக்காக ஊரெல்லாம் பேசுகிறோம். வாரியம் எனப்பட்ட ஊர்க் குழுக்களில் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் மறுபடி பொறுப்புக்கு வரக் கூடாது என்று அதே கல்வெட்டுகளில் இருப்பதை மேடைகளில் அவ்வளவாகக் கேட்க முடிவதில்லை.

ஊராட்சிக்குக் கட்டும் வீட்டு வரிக்கும் குடிநீர்க் கட்டணத்துக்கும் மின் கட்டணத்தின் அதே கதைதான். இணையத்தில் கட்டும் வழி வந்துவிட்டது. ஆனாலும் பணம் ஒருவர் கையில் போய், "ரசீது அப்புறம் தருகிறேன்" என்று நிற்கும் இடங்கள் உண்டு. சிலிண்டர் கொண்டுவருபவர் பில்லைக் காட்டாமல் ஒரு தொகை சொல்வதும், கேபிள் டிவிக்காரர் தன் நோட்டில் மட்டும் டிக் அடித்துக்கொண்டு போவதும் வழக்கமாகிவிட்டன. கேட்டால் "நம்பிக்கை இல்லையா?" என்பார்கள். ரசீது கேட்பது சந்தேகப்படுவதாகிவிடாது.

செய்ய வேண்டியவை அரசுக்குக் கோடிகள் பிடிக்கும் காரியங்கள் இல்லை. ரீடிங் எடுக்க வருபவர் அன்றே தொகையையும் கெடு நாளையும் வீட்டில் உள்ள வெள்ளை மின் கணக்கு அட்டையில் எழுத வேண்டும், அல்லது கியூஆர் குறியோடு ஒரு துண்டுச் சீட்டு அச்சடித்துத் தர வேண்டும். கணக்கெடுத்த நாளிலிருந்து 20 நாள் அவகாசம் என்பது வீட்டில் உள்ளவர் கண்ணுக்கு அப்போதுதான் படும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நாள், ஊராட்சி அலுவலகத்திலோ அஞ்சலகத்திலோ பணமாகவும் யுபிஐயாகவும் வாங்கி அங்கேயே ரசீது கொடுக்கும் வசூல் முகாம் நடக்க வேண்டும். அதே முகாமில் பெயர் மாற்றத்துக்கும் கைப்பேசி எண் திருத்தத்துக்கும் மனு வாங்கலாம். சென்டர்கள் எந்தக் கட்டணத்துக்கு எவ்வளவு வாங்கலாம் என்ற பட்டியல் வாசலில் தொங்க வேண்டும். அச்சிட்ட ரசீது கொடுக்காத சென்டரின் உரிமம் ரத்தாக வேண்டும். வாரியம் அனுப்பும் செய்திகள் தமிழில், இணைப்பு முகவரி எதுவும் இல்லாமல் வரட்டும். நாங்கள் ஒருபோதும் தனி எண்ணை அழைக்கச் சொல்ல மாட்டோம் என்ற வரி அட்டையிலேயே அச்சாகட்டும். சந்தேகம் வந்தால் அழைக்க வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 இருக்கிறது. அந்த எண்ணும் அட்டையில் இருந்தால், கூகுளில் தேடிப் போலி எண்ணில் போய் விழ வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. திருமுக்கூடலும் அண்டை ஊராட்சிகளும் அடுத்த கூட்டத்தில் வசூல் முகாம் கேட்டு ஒரு தீர்மானம் போட்டு, உத்திரமேரூர் மின்வாரிய அலுவலகத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் நகல் அனுப்பட்டும். நகலைப் பெற்றுக்கொண்டதற்கு மறக்காமல் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளட்டும்.