எந்த மேஜைக்குப் போவது?

புனே சிவாஜிநகரிலுள்ள ஜில்லா கோர்ட்டுக்கு வழக்கு நிமித்தமாகவோ சாட்சி நிமித்தமாகவோ போய் வந்த அன்பர்கள் நம் சங்கத்தில் பலர் உண்டு. அவர்களைக் கேட்டால் நீதிபதியைப் பற்றிச் சொல்வார்கள்; வக்கீலைப் பற்றி அதைவிட அதிகமாகச் சொல்வார்கள். கோர்ட்டு என்பது ஒரு கச்சேரியுங்கூட என்பதைச் சொல்பவர் அரிது. ரயிலில் ஏறுகிறவர் எஞ்சினைப் பார்க்கிறார். கார்டின் கொடியைப் பார்க்கிறார். பார்சல் ஆபீஸில் ரிஜிஸ்தர் எழுதும் குமாஸ்தாவை யார் பார்க்கிறார்கள்? நாமும் அப்படிப்பட்ட ஒரு குமாஸ்தா ஆகையால், இம்மாதம் கோர்ட்டுக் குமாஸ்தாக்களின் மேஜைகளைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

எழுதத் தூண்டியது ஒரு வருத்தமான செய்தி. கட்கிப் பக்கத்தில் வசிக்கும் ஒரு தமிழ் அம்மையார், கணவரை இழந்தவர். குடியிருக்கும் வீட்டைப் பற்றிய வழக்கில் சிவில் நீதிபதியின் தீர்ப்பு அவருக்குப் பாதகமாகிவிட்டது. ஜில்லா கோர்ட்டில் அப்பீல் செய்ய 30 நாள் அவகாசம் உண்டு. “தீர்ப்புக் காகிதம் தபாலில் வரும், வந்த பிறகு பார்த்துக்கொள்வோம்” என்று தாயும் மகனும் காத்திருந்தார்கள். காகிதம் வரவில்லை. அது வரவும் வராது. சிறைத் தண்டனை பெற்ற குற்றவாளிக்குத் தீர்ப்பின் நகலை உடனே இலவசமாகக் கொடுக்கச் சட்டம் இருக்கிறது. சிவில் வழக்கிலோ, கட்சிக்காரர்தாம் மனுச் செய்து நகல் பெற வேண்டும். இவர்கள் மனுச் செய்தது 46ஆம் நாள்.

இனி மேஜைகளுக்கு வருவோம். முதலில் வழக்குத் தாக்கல் செய்யும் பிரிவு. இங்கே மனுவைப் புரட்டிப் பார்த்து, கோர்ட்டு ஸ்டாம்பு சரியா, கையெழுத்து உண்டா, இணைப்புகள் உண்டா என்று சோதித்து, குறையிருந்தால் ஆட்சேபம் எழுதித் திருப்புவார்கள். குறை தீர்ந்தபின் நம்பர் விழும். ஜூனியர் டிவிஷன் நீதிபதியிடம் போகும் சிவில் வழக்கு ‘ரெகுலர்’, சீனியர் டிவிஷனுக்குப் போவது ‘ஸ்பெஷல்’ என்று இந்த ராஜ்யத்தில் வழங்குகிறது. அதோடு, 16 எழுத்தும் இலக்கமும் கொண்ட சி.என்.ஆர். என்ற ஓர் எண்ணும் கிடைக்கும். புனே வழக்கானால் எம்.ஹெச்.பி.யு. என்று தொடங்கும். அந்த எண் கையிலிருந்தால், அடுத்த தேதி என்ன என்பதைக் கைத்தொலைபேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். தேதி கேட்பதற்காக அரை நாள் லீவு போடும் நம்மவர்கள் இதை அவசியம் குறித்துக்கொள்ள வேண்டும். (குடும்பத் தலைவர் காலமானபின் வாங்கவேண்டிய வாரிசுச் சான்றிதழ்கள், 1827ஆம் வருஷத்துப் பம்பாய் ரெகுலேஷன் ஒன்றின்படி இங்கே தனியாக வழங்கும் சான்றிதழ் உட்பட, தனிக்கதை. வேறொரு மாதம் எழுதுவோம்.)

நீதிபதியின் கீழே அமர்ந்திருக்கும் குமாஸ்தா ‘ரோஜ்நாமா’ எழுதுகிறார். அன்றைய தினம் யார் வந்தார், யார் வரவில்லை, என்ன நடந்தது என்பதெல்லாம் அதில் ஏறுகிறது. வராந்தாவில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தவர், பெயர் கூப்பிட்டபோது உள்ளே இல்லையென்றால், வராதவர்தாம்.

அடுத்தவர் நாசர். மராத்தியிலும் நாஜர்தான், தமிழ்நாட்டுக் கோர்ட்டுகளிலும் நாசர்தான். ஜப்தி, ஜாமீன், தாவா என்ற சொற்களும் அப்படியே. அரபு, பாரசீக மொழிகளிலிருந்து வந்த விருந்தாளிகள் இரண்டு வீட்டிலும் தங்கிவிட்டார்கள். நம்மூர் அமீனா மட்டும் இங்கே ‘பெலீஃப்’ ஆகிவிட்டார். கோர்ட்டில் கட்டும் பணம், கோர்ட்டிலிருந்து பெறும் பணம், சம்மன் அனுப்புவது, ஜப்தி செய்வது எல்லாம் நாசர் பொறுப்பு. சம்மனை எடுத்துக்கொண்டு வீடு தேடி வரும் பெலீஃபுகள் அவர் கீழே வேலை செய்கிறவர்கள். இங்கே கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது உண்டு. ரசீது தராத இடத்தில் பணத்தைக் கொடுக்கலாகாது.

நகல் பிரிவுக்கு வருவோம். மராத்தியில் அதன் பெயர் ‘நக்கல் விபாக்’. நமது அம்மையாரை மகன் அழைத்துப் போய், “அம்மா, இதுதான் நக்கல் விபாக்” என்றதும், “எனக்கு இருக்கிற கஷ்டத்தில் நீயுமா கேலி செய்கிறாய்?” என்று கண் கலங்கிவிட்டாராம். நம்முடைய ‘நகல்’தான் அது என்று பிறகு விளங்கவைத்தான்.

இந்த மேஜையின் பலம் தேதியில் இருக்கிறது. 1963ஆம் வருஷத்துக் காலவரம்புச் சட்டம் 12ஆம் பிரிவின்படி, நகல் தயாராவதற்கு ஆகும் நாட்கள் அப்பீல் கெடுவில் கணக்கிடப்படுவதில்லை. ஜூன் 1ந் தேதி தீர்ப்பு என்று வைத்துக்கொள்வோம். கெடு ஜூலை 1. ஜூன் 11இல் நகலுக்கு மனுச் செய்து, 30இல் நகல் தயாரானால், அந்த 20 நாளும் கழிந்து, கெடு ஜூலை 21 ஆகும். ஆனால் 30இல் தயாரான நகலை ஜூலை 10 வரை வாங்காமலிருந்தால், அந்தச் சோம்பலுக்குச் சலுகை கிடையாது. ஜூலை 1 கடந்தபின் மனுச் செய்தாலோ, கழிப்பதற்கு எதுவுமே மிஞ்சவில்லை. ஆகவேதான் மனுக் கொடுத்த நாள், தயாரான நாள், பெற்றுக்கொண்ட நாள் என்று நகலில் குறிக்கிறார்கள். நகலைப் பெற்றதும் உள்ளே இருக்கும் தீர்ப்பைப் படிக்குமுன் இந்தத் தேதிகளைப் படிக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். சரக்கு ரசீதில் ஒரு தேதி பிசகினால் எத்தனை வம்பு என்பது நமக்குத் தெரியும்.

இவ்வளவு பேரையும் ஆள்பவர் யார்? ஜில்லாவில் பிரதான ஜில்லா நீதிபதிதான் கச்சேரிக்கும் தலைவர். காலையில் கொலை வழக்கு விசாரிக்கும் அவரே, குமாஸ்தாவின் லீவு, பீரோவின் பூட்டு முதலியவற்றுக்கும் பொறுப்பாளி. அன்றாட நிர்வாகத்துக்கு அவர் கீழே ரிஜிஸ்திரார், சூப்பரின்டெண்டுகள் உண்டு. ஜில்லா கோர்ட்டுகளை மேற்பார்க்கும் அதிகாரம், அரசியல் சட்டம் 235ஆம் ஷரத்துப்படி, ஹைக்கோர்ட்டுக்கு உரியது. கலெக்டருக்கோ மந்திரிக்கோ அல்ல. ஹைக்கோர்ட்டின் சொந்தச் சிப்பந்திகளை நியமிப்பதும் 229ஆம் ஷரத்துப்படி பிரதம நீதிபதியே. அங்கே ரிஜிஸ்திரார் ஜெனரல் தலைமை உத்தியோகஸ்தர். பம்பாயில் மூல வழக்குப் பிரிவுக்கு ‘புரோத்தோனோட்டரி’ என்று நாக்கில் தடுக்கும் பட்டப்பெயருடன் ஒருவர் தனியே இருக்கிறார். சென்னை, கல்கத்தா ஹைக்கோர்ட்டுகளைப்போல் பம்பாய் ஹைக்கோர்ட்டும் 1862இல் பிறந்தது. 2025 ஆகஸ்டில் கோலாப்பூரில் அதன் சர்க்யூட் பெஞ்சு தொடங்கியபோது ஆறு ஜில்லாக்கள் அதில் சேர்ந்தன, புனே சேரவில்லை. நாம் இன்னும் பம்பாய்க்குத்தான் ரயிலேற வேண்டும்.

அம்மையாரின் நிலை என்னவென்றால், தாமதத்தை மன்னிக்கும்படி அதே சட்டத்தின் 5ஆம் பிரிவின்கீழ் தனி மனுப் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் தக்க காரணம் காட்ட வேண்டும். தபாலுக்குக் காத்திருந்தோம் என்பது தக்க காரணமா என்பதை நீதிபதி தீர்மானிக்க வேண்டும். அப்பீல் இன்னும் விசாரணைக்கே வரவில்லை. வக்கீல் செலவுக்குக் கையிருப்பு இல்லாமல் திகைத்தார்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாயினும், 1987ஆம் வருஷச் சட்டப்படி இலவசச் சட்ட உதவி உண்டு என்பதை மகனிடம் சொன்னோம். ஜில்லா சட்டப்பணிகள் அதிகார சபையின் காரியாலயத்தில் மறுநாளே மனுக் கொடுத்தான். கொடுத்ததற்கு அத்தாட்சியாக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு வந்து நம்மிடம் காட்டினான்.