கத்தரிக்காயை முற்றவிடாதீர்கள்



மாடித் தோட்டம் போட்டிருக்கும் உங்களில் பலர் கத்தரிச் செடிப் படங்களை எனக்கு அனுப்புகிறீர்கள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. கூடவே வரும் கேள்விகள்தான் கவலை தருகின்றன. "சார், இன்னும் ஒரு வாரம் விட்டா இதைவிடப் பெரிசாகும்ல?" என்று ஒருவர். "பத்துக் காயோட காய்ப்பு நின்னுபோச்சு சார், செடியைப் பிடுங்கிடலாம்னு இருக்கேன்" என்று இன்னொருவர். என்னைக் கேட்டால், பல வீடுகளில் முதல் ஆசைதான் இரண்டாவது வருத்தத்துக்குக் காரணம்.

"கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகவேண்டும்" என்பார்கள். மூடி வைத்த விஷயம் ஒருநாள் வெளியே வரும் என்று சொல்ல நல்ல பழமொழி. தோட்டத்துக்கு இது ஒத்துவராது. முற்றிய கத்தரி கடைக்கும் ஆகாது, குழம்புக்கும் ஆகாது.

நாம் இதைக் கத்தரிப்பழம் என்று சொல்வதில்லை, காய் என்றுதான் சொல்கிறோம். பழுக்குமுன் பறிக்க வேண்டியது என்று பெயரே சொல்லிவிடுகிறது. ஆனால் செடியின் கணக்கு வேறு. அதற்கு விதை வேண்டும். விதை முற்றத் தொடங்கினால் சத்து அங்கே போகும். புதுப் பூவும் பிஞ்சும் குறையும். இளசாகப் பறித்துக்கொண்டே இருந்தால் அது மறுபடி மறுபடி பூக்கும். ஒரு பெரிய காய்க்கு ஆசைப்பட்டு, பின்னால் வரவேண்டிய பல பிஞ்சுகளை நாமே தடுக்கிறோம்.

சரி, பறிக்கும் நேரத்தை எப்படித் தெரிந்துகொள்வது?

நிறத்தை நம்பாதீர்கள். ஊதா, பச்சை, வெள்ளை, வரி என்று கத்தரியில் பல நிறம். அளவை மட்டும் பார்த்தும் முடிவு செய்யாதீர்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரி, சுட்டுத் துவையல் அரைக்கும் பெரிய கத்தரி அளவுக்கு வரட்டும் என்று காத்திருந்தால் விதைதான் மிஞ்சும்.

தோலின் மினுமினுப்பைப் பாருங்கள். எண்ணெய் தடவியதுபோல் பளபளத்தால் நல்ல பக்குவம். பளபளப்பு மங்கினால் நாள் தாண்டிவிட்டது. மஞ்சளோ பழுப்போ தட்டினால் உள்ளே விதை கெட்டியாகியிருக்கும், கசக்கும். சந்தேகம் இருந்தால் கட்டைவிரலால் லேசாக அழுத்துங்கள். கல்போல் இருந்தால் இன்னும் பிஞ்சு. அமுங்கி மெல்ல நிமிர்ந்தால் பறிக்கலாம். பள்ளம் அப்படியே நின்றால் முற்றிவிட்டது.

காய்ப்புக் காலத்தில் நாலைந்து நாளுக்கு ஒருமுறை செடியைச் சுற்றிப் பாருங்கள். இலை மறைவில்தான் முற்றிய காய் ஒளிந்திருக்கும். பறிக்கும்போது இழுக்காமல், காம்போடு கத்தரிக்கோலால் வெட்டுங்கள். இழுத்தால் கிளை முறியும்.

செடியைப் பிடுங்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காய்ப்பு நிற்க வெயில், பூச்சி, சத்துக் குறைவு என்று வேறு காரணங்களும் உண்டு. முதலில் முற்றிய காய்களை எல்லாம் எடுத்துவிடுங்கள். துளை விழுந்த தண்டையும் காயையும் வெட்டி அப்புறப்படுத்துங்கள். கிளைகளைக் கவாத்து செய்து தொழு உரம் போடுங்கள். வேர் நன்றாக இருந்தால் மறுபடி துளிர்க்கும்.

முற்றவிட ஓர் இடம் உண்டு. நாட்டு ரகமாக இருந்தால், பருவக் கடைசியில் நல்ல செடியில் ஒரு காயை மட்டும் மஞ்சளாகும்வரை விட்டு விதை எடுங்கள். அது அடுத்த வருஷத்துக்கு.

மற்றதெல்லாம் வீட்டுப் பிள்ளைகளின் தட்டுக்கு. கத்தரிக்காய் பிடிக்காது என்று ஒதுக்கும் பிள்ளையைத் திட்டுமுன், நாம் கொடுத்தது விதை கடிபடும் கசப்புக் காயா என்று பாருங்கள். இளங்கத்தரியில் ஒருநாள் எண்ணெய்க் கத்தரிக்காய் செய்து கொடுங்கள். பிறகு பேசலாம்.

உங்கள் செடி எப்படி இருக்கிறது? படத்தோடு கீழே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்