இரவல் அரங்கில் எழுந்த குரல்

பேசும்படம் தோன்றிய புதிதில் அமெரிக்கப் படமுதலாளிகட்கு ஓர் இடர்ப்பாடு நேர்ந்தது. ஊமைப்படத்தில் எழுத்தட்டையை மாற்றிவிட்டால் அஃது எந்நாட்டிலும் ஓடும். நடிகர் ஆங்கிலம் பேசத் தொடங்கியதும், மெக்ஸிகோவும் கியூபாவும் ஸ்பெயினும் கைநழுவும் நிலை வந்தது. குரலை மட்டும் மாற்றிப் பதிக்கும் முறை அந்நாளில் செம்மையுறவில்லை. ஆகவே, அதே கதையை வேறு நடிகரைக் கொண்டு ஸ்பானிய மொழியில் மீண்டும் எடுத்தனர். 1931-இல் வெளிவந்த 'டிராகுலா' இதற்குத் தக்க சான்று. யூனிவர்ஸல் ஸ்டூடியோவில் பகலில் ஆங்கிலக் குழுவினர் நடித்துச் சென்ற பின்னர், அதே அரங்கில் இரவெல்லாம் ஸ்பானியக் குழுவினர் நடித்தனர். டைரக்டர் ஜார்ஜ் மெல்போர்டுக்கோ ஸ்பானிய மொழி தெரியாது! கதாநாயகி லூபிதா தோவார் மெக்ஸிகோ நாட்டினர். பிரபுவாக நடித்த கார்லோஸ் வில்லாரியாஸ் ஸ்பெயின் தேசத்தார். பாரி நார்ட்டன் அர்ஜென்டினாவிற் பிறந்தவர். ஒரே கதைக்குள் மூன்று நாட்டு உச்சரிப்புக்கள்! இவ்வகைப் படங்களின் உச்சரிப்புக் கலப்பை ஸ்பானியர் பலர் குறைகூறினர்.

அதனைக் கண்டு நகைக்குமுன் நம் வீட்டையும் நோக்குதல் வேண்டும். தமிழின் முதற் பேசும்படமென நாம் போற்றும் 'காளிதாஸ்', பம்பாயில் ஆர்தேஷிர் இரானியின் இம்பீரியல் கம்பெனியாரால், எச். எம். ரெட்டியின் டைரக்ஷனில் எடுக்கப்பெற்றது; 1931 அக்டோபர் 31-இல் சென்னைக் கினிமா சென்ட்ரல் கொட்டகையில் வெளிவந்தது. அதில் டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகர் தெலுங்கில் விடையிறுத்தார். வகுப்பில் இதனை முதன்முதற் கேட்ட அன்று யாமும் சிரித்தோம். தமிழ் பயிலும் எம்மனோர்க்குச் சிறிது நாணமும் உண்டாயிற்று.

அந்நாணம் பிழையென்று பின்னரே உணர்ந்தோம். ஆவடியினின்று நாள்தோறும் ரயிலேறி வருகின்றோம். தொழிற்சாலைகளும் படைமுகாம்களும் பல தேசத்தாரை அவ்வூரிற் குடியேற்றியுள்ளன. ஒருவர் தெலுங்கில் வினவ, எதிரிலிருப்பவர் தமிழில் விடைகூற, அம்பத்தூர் வருமளவும் உரையாடல் தடையின்றி நிகழ்கின்றது. தமிழும் தெலுங்கும் வழங்கிய மாகாணத்தின் தலைநகரிலே 1931-இல் கூடியிருந்தோர்க்கு அக்கலப்பு எங்ஙனம் வியப்பாயிருக்கும்? இலாபங் கருதியே எடுத்தனரெனினும், தம் மொழி திரையினின்று ஒலிக்கக் கேட்டனரன்றோ அம்மக்கள்!

வருந்தத்தக்கது வேறொன்றுளது. அமெரிக்காவிலிருந்த ஸ்பானிய டிராகுலாப் பிரதியின் ஒரு பகுதி சிதைந்தொழிந்தது. கியூபா நாட்டுப் படக்காப்பகத்திலிருந்த பிரதியே அக்குறையை நிரப்பிற்று. இன்று ஆங்கிலப் படத்தினும் இதுவே மேலென்பாரும் உளர். நம் காளிதாஸுக்கோ ஒரு பிரதியும் கிடைத்திலது. ராஜலட்சுமியின் அம்முதற் குரல் எத்தகையதென்று இனி யாவரே கேட்பர்? முதற்படம், முதற்படம் என்று ஆண்டெண்ணி மகிழும் நாம், அதனை வைத்துக் காக்க ஒரு பெட்டியுங் கொடுத்தோமில்லை.

எஞ்சிய பழைய பாட்டுப் புத்தகங்களையும் விளம்பரத் தாள்களையுமேனும் கல்லூரி நூலகங்கள் தொகுத்தல் வேண்டுமென்பது எம் கருத்து. பாட்டுப் புத்தகம் இலக்கியமாமோ என்று நண்பர் சிலர் வினவினர். இலக்கியமாகாதேனும் ஆகுக, கியூபாவிற் காத்தவர்கள் அவ்வினாவை வினவியிருப்பின், அப்படமும் குறையுடனேயே நின்றிருக்கும். அம்பத்தூரில் எம் உறவினர் வீட்டுத் தகரப் பெட்டியிற் கிடந்த மூன்று பாட்டுப் புத்தகங்களை இதற்கென எடுத்து வைத்துள்ளோம். ஒன்றின் மேலட்டையைப் பூச்சி அரித்துவிட்டது. படத்தின் பெயர் பாதியே தெரிகின்றது.