அறிவித்துவிட்டால் தீர்ந்ததோ கடமை?

2003ஆம் ஆண்டு அமெரிக்காவின் கனெற்றிக்கட் மாநிலத்தில் நான்சி கப்பெலோ என்னும் மாதின் மார்புக் கதிர்ப்படம் குறையெதுவுமில்லை என்றது. சில வாரங்களில் வைத்தியரின் கைக்குத் தடிப்பொன்று தட்டுப்பட்டது. புற்றுநோய் 13 நிணக்கணுக்களுக்குப் பரவியிருந்தது! அடர்ந்த மார்பிழையமும் கட்டியும் கதிர்ப்படத்தில் ஒரே வெண்மை. சுண்ணாம்புச் சுவரிலே சுண்ணாம்புக் கோட்டைத் தேடுவது போன்றதே அது. இழையம் அடர்ந்தது என்பதை வைத்தியர் அறிந்திருந்தனர். அவருக்குத்தான் எவரும் சொல்லவில்லை.

அவர் போராடினார். 2009இல் கனெற்றிக்கட், அடர்த்தியைப் பெண்ணுக்கு அறிவித்தேயாக வேண்டுமெனச் சட்டம் இயற்றிற்று. நாடு முழுவதற்குமான விதி 2024 செப்டெம்பர் 10ஆந் திகதிதான் நடைமுறைக்கு வந்தது. கப்பெலோ 2018இலேயே மறைந்துவிட்டார். எதிர்த்தோர் சொன்ன நியாயம் யாது? பெண்கள் வீணே அஞ்சுவராம்! வழக்கின் பலவீனத்தைச் சொன்னால் கட்சிக்காரன் அஞ்சுவானென்று அதை மறைக்கும் நியாயவாதியை நீதிமன்றம் பொறுக்குமா?

சரி, விதி வந்தது. “உமது இழையம் அடர்ந்தது, வேறு படங்கள் சிலருக்கு உதவலாம்” என்று கடிதமும் வருகிறது. எந்தப் படம்? எவர் பணம்? அதுபற்றி அவ்விதி வாய் திறக்கவில்லை. சில மாநிலங்கள் காப்புறுதிக் கம்பனிகளைச் சட்டத்தால் கட்டின, சில வாளாவிருந்தன. பரிகாரமற்ற உரிமையை உரிமையென்று எந்தச் சட்டக் கல்லூரியிலும் நாம் கற்கவில்லை.

கருவி இல்லாமலில்லை. மார்புக்கென்றே அமைந்த காமாக் கதிர்க் கருவி உண்டு. தெக்னீசியம் கலந்த மருந்து கையில் ஊசியாக ஏற்றப்படும். புற்றுக் கலங்கள் அதை மிகுதியாக உறிஞ்சும். வெளிப்படும் கதிரைக் கருவி ஏறத்தாழ நாற்பது நிமிடம் பதிவு செய்யும். இழையத்தின் அடர்த்தி அதற்குத் திரையன்று. 2015இல் மாயோ வைத்தியசாலை ஆய்வாளர், அடர்ந்த இழையமுடைய 1,585 பெண்களைப் பற்றி வெளியிட்ட கணக்கு இது: கதிர்ப்படம் மட்டும் ஆயிரத்துக்கு 3.2 புற்றுக்களைக் கண்டது. இரண்டும் சேர்ந்தபோது 12.

கதிர்வீச்சு மிகுதி என்பர். மெய்தான், கதிர்ப்படத்தினும் பல மடங்கு, அதுவும் உடல் முழுவதற்கும். ஆகவே எல்லாப் பெண்களுக்கும் ஆண்டுதோறும் என்று நாம் வாதிடவில்லை. ஆயினும் இதே மருந்தை இருதய நோயாளருக்கு நெடுங்காலமாக ஏற்றி வருகின்றனரே, அங்கே இந்த அச்சம் எங்கே போயிற்று? காந்தப் படம் இதனினும் கூரியது என்பாருமுளர். இருக்கட்டும்! அதன் கட்டணத்தைக் கேட்டுத் திரும்பி வந்தவளுக்கு அவர் தரும் விடை என்ன?

அடர்த்தியை அறிவிக்கும் கடிதமும், அடுத்த படத்தின் செலவை ஏற்கும் உறுதியும் ஒரே உறையில் அவள் வீடு சேரவேண்டும்.